ஃப்ரீ ஏஜென்சி: பேஸ்பாலில் செலவழிக்காத அணியைப் பற்றி யார் கேட்பது?

மூன்றாம்தளம்:

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 2024, 2025 என்று அடுத்தடுத்து இரண்டு முறை வேர்ல்டு சீரிஸை (பருவத்தின் இறுதிப் போட்டித் தொடரை) வென்ற பிறகு, அமெரிக்காவின் முதன்மை லீகான மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி வீரர்களுக்குத் தரும் மொத்த ஊதியத்துக்கு உச்சவரம்பு கொண்டுவர வேண்டும் என்ற குரல் மறுபடியும் பலமாகக் கேட்கிறது. உரிமையாளர்களுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 அன்று முடிவதால், இது ரசிகர்களின் பேச்சோடு நிற்கப்போவதில்லை. டாட்ஜர்ஸின் ஷோஹெய் ஓட்டானிக்கு 10 ஆண்டுகளுக்கு 70 கோடி டாலர், நியூயார்க் மெட்ஸின் ஹுவான் சோட்டோவுக்கு 15 ஆண்டுகளுக்கு 76.5 கோடி டாலர் என்ற தொகைகளைக் கண்டு மலைத்து நிற்கிறோமே தவிர, அப்படிப்பட்ட தொகைகள் எந்த ஏற்பாட்டிலிருந்து பிறக்கின்றன என்று பார்ப்பதில்லை. அதைப் பேசத்தான் இந்த இழை.

மேஜர் லீக்கில் ஆடத் தொடங்கும் வீரர், பொதுவாக முதல் மூன்று ஆண்டுகளுக்குக் கிளப் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். 2025இல் குறைந்தபட்ச ஊதியம் 7,60,000 டாலர். நட்சத்திர வீரர்கள்கூட இந்தக் காலத்தில் அதற்குச் சற்று மேலேதான் பெறுகிறார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு ஊதியத் தகராறைத் தீர்க்கும் நடுவர் குழு வழியாக ஊதியம் ஓரளவு ஏறும். ஆறு ஆண்டுகள் நிறைந்த பிறகே அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகி, முப்பது அணிகளில் எதனிடமும் விலை பேசலாம். மைனர் லீக்கில் கழிந்த ஆண்டுகள் இந்தக் கணக்கில் சேர்வதில்லை என்பதால், பெரும்பாலானோர் இந்த நிலைக்கு வரும்போது முப்பதை நெருங்கிவிடுகிறார்கள். ஆட்டத்திறன் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளைக் கிளப் மலிவாக எடுத்துக்கொண்டுவிட, சந்தை விலை கைக்கு வரும் நேரத்தில் உடல் இறங்குமுகத்தில் இருக்கிறது.

இளமை மலிவு, முதுமை விலையுயர்வு என்று ஆகிவிட்டால், புத்திசாலியான மேலாளர் என்ன செய்வார்? அனுபவசாலிகளை விற்று, சில பருவங்கள் தோற்று, பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை தரும் டிராஃப்ட் என்ற புதுமுகத் தேர்வில் முன்னிடம் பிடித்து இளைஞர்களைச் சேர்ப்பார். அப்படித் தோற்கும் காலத்திலும் அணிக்குப் பணம் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வோர் அணியும் தன் உள்ளூர் வருமானத்தில், அரங்கச் செலவைக் கழித்ததுபோக, 48 விழுக்காட்டைப் பொதுத் தொகுப்பில் போட வேண்டும். அது முப்பது அணிகளுக்கும் சமமாகப் பிரிக்கப்படுகிறது. தேசியத் தொலைக்காட்சிப் பணமும் அப்படியே. தொகுப்பிலிருந்து பெறுவதற்கு வெற்றி ஒரு நிபந்தனையே இல்லை. டாட்ஜர்ஸ் அளவுக்கு மீறிச் செலவழிக்கிறது என்று கோபப்படுகிறவர்கள், பெற்ற பணத்தைக்கூடச் செலவழிக்காத அணிகள் மேல் அதில் பாதிக் கோபமாவது கொள்ள வேண்டும் என்பது என் வாதம்.

பென்ச்ஓரம்:

இரண்டு கேள்விகள். ஆறு ஆண்டு என்ற கணக்கை யார், எப்போது முடிவு செய்தார்கள்? ஐபிஎல் ஏலத்தில் எல்லா அணிக்கும் ஒரே அளவு தொகைதான் என்று முன்கூட்டியே நிர்ணயித்துவிடுகிறார்களே, அமெரிக்காவில் மற்ற விளையாட்டுகளிலும் உச்சவரம்பு இருக்கிறதே, பேஸ்பால் மட்டும் ஏன் விதிவிலக்கு?

பழைய_ஸ்கோர்கார்டு:

இதற்கு ஐம்பது ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1975 வரை, வீரரின் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பிரிவு அவரை ஒரே கிளப்போடு கட்டிப்போட்டது. ஒப்பந்தம் முடிந்தாலும் கிளப் அதைத் தானே ஓராண்டுக்குப் புதுப்பிக்கலாம். அந்த ஓராண்டு முடிந்தால் மறுபடியும் புதுப்பிக்கலாம் என்று உரிமையாளர்கள் அந்தப் பிரிவுக்குப் பொருள் கொண்டார்கள். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியில் பன்னிரண்டு பருவங்கள் ஆடிய கர்ட் ஃப்ளட், 1969 அக்டோபரில் தன்னைக் கேட்காமலேயே ஃபிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்டார். அந்த டிசம்பரில் பேஸ்பாலின் தலைமை ஆணையர் போவி கூனுக்கு அவர் எழுதிய கடிதத்தில், என் விருப்பத்தைப் பொருட்படுத்தாமல் வாங்கவும் விற்கவும் நான் ஒரு சொத்து இல்லை என்று தெளிவாகச் சொன்னார். ஆண்டுக்கு 90,000 டாலர் பெற்றவர் 1970 பருவம் முழுவதையும் விட்டுக்கொடுத்து வழக்காடினார். 1972 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பேஸ்பாலுக்கு 1922இல் கிடைத்த ஏகபோகத் தடைச் சட்ட விலக்கை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. ஃப்ளட் தோற்றார், அவருடைய ஆட்டக்காலமும் அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. இன்று கோடிகளில் கையெழுத்திடும் எந்த வீரரும் அவருக்குக் கடன்பட்டவர் என்பதை நான் உணர்ச்சியோடுதான் எழுதுகிறேன்.

கதவைத் திறந்தது நீதிமன்றம் இல்லை, ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர். முதலில் 1974இல் ஓக்லண்ட் உரிமையாளர் சார்லி ஃபின்லி, தன் பிட்சர் (பந்து வீச்சாளர்) கேட்ஃபிஷ் ஹண்டருக்குத் தர வேண்டிய காப்பீட்டுத் தவணையைக் கட்டாமல் விட்டார். நடுவர் பீட்டர் சைட்ஸ் ஒப்பந்தம் முறிந்துவிட்டது என்று அறிவிக்க, ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வாங்கிக்கொண்டிருந்த ஹண்டரை நியூயார்க் யாங்கீஸ் ஐந்து ஆண்டுகளுக்கு 30 லட்சம் டாலருக்கும் அதிகமாகக் கொடுத்து எடுத்துக்கொண்டது. ஒரு வீரரின் உண்மையான விலை என்ன என்பதை அன்றுதான் எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். அடுத்து 1975 டிசம்பர் 23 அன்று, ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித், டேவ் மக்நாலி ஆகிய இருவர் வழக்கில், ஓராண்டுக்குப் புதுப்பிக்கலாம் என்றால் ஒரே ஓர் ஆண்டுக்கு மட்டும்தான் என்று சைட்ஸ் தீர்ப்பளித்தார். உரிமையாளர்கள் உடனே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

இனிதான் உங்கள் ஆறு ஆண்டுக் கணக்கு வருகிறது. அந்தத் தீர்ப்பின்படி எல்லா வீரர்களும் ஓராண்டு காத்திருந்து விடுதலை ஆகியிருக்கலாம். அதே ஃபின்லி, எல்லோரையும் ஆண்டுதோறும் ஃப்ரீ ஏஜென்ட் ஆக்கிவிடுங்கள் என்று மற்ற உரிமையாளர்களிடம் சொன்னார். அறுநூறு பேர் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தால் விலை விழும் என்பது அவர் கணக்கு. சக உரிமையாளர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சங்கத்தின் தலைவர் மார்வின் மில்லர் அஞ்சியதும் அந்த விலை வீழ்ச்சியைத்தான். ஆண்டுதோறும் சிலர் மட்டும் சந்தைக்கு வந்தால், பல அணிகள் ஒரே வீரருக்காகப் போட்டியிடும். அவர்களுக்குக் கிடைக்கும் விலை மற்றவர்களின் ஊதியத்தையும் மேலே இழுக்கும். ஆகவே 1976 உடன்பாட்டில் ஆறு ஆண்டு என்ற எல்லையைச் சங்கம் மனமுவந்து ஏற்றது. மூன்றாம்தளம் குறை சொல்லும் விதியை வடிவமைத்ததில் வீரர் தரப்புக்கும் பங்கு உண்டு.

உச்சவரம்பு ஏன் இல்லை என்பதற்கு விடை 1994. உரிமையாளர்கள் அதைத் திணிக்க முயன்றதால் ஆகஸ்ட் 12 அன்று வீரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அந்த ஆண்டு வேர்ல்டு சீரிஸே நடக்கவில்லை. 1995 மார்ச் இறுதியில் மாவட்ட நீதிபதியாக இருந்த சோனியா சோட்டமேயர் உரிமையாளர்களுக்கு எதிராக இடைக்காலத் தடை வழங்கிய பிறகுதான் ஆட்டம் திரும்பியது. சங்கம் அந்த நிலைப்பாட்டிலிருந்து இன்றுவரை இறங்கவில்லை.

வரவுசெலவு:

பழைய_ஸ்கோர்கார்டு ஐயா எழுதியதை ஏற்கிறேன். ஆனாலும் மூன்றாம்தளத்தின் வாதம் ஒரு பக்கமாகச் சாய்கிறது. டாட்ஜர்ஸ் தன் உள்ளூர்த் தொலைக்காட்சி உரிமையை 25 ஆண்டுகளுக்கு 835 கோடி டாலருக்கு விற்றது. பிட்ஸ்பர்க்கிலோ கன்சாஸ் சிட்டியிலோ அப்படி ஒரு விலையைக் கனவிலும் எதிர்பார்க்க முடியாது. 48 விழுக்காட்டைப் பகிர்ந்த பிறகும் டாட்ஜர்ஸிடம் மிஞ்சுவது சிறிய ஊர் அணியின் மொத்த வருமானத்தைவிட அதிகமாக இருக்கும்போது, 'நீயும் செலவழி' என்று சொல்வது எளிது.

அதோடு, செலவழித்துக் கெட்டவர்களையும் பாருங்கள். ஆல்பர்ட் புஜோல்ஸுக்கு லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் 10 ஆண்டுகளுக்கு 24 கோடி டாலர் கொடுத்தது. முன்பு செயின்ட் லூயிஸில் ஆடிய அளவுக்கு அவர் அங்கே ஒரு நாளும் ஆடவில்லை. அதே கிளப் ஆந்தனி ரெண்டானுக்கு 7 ஆண்டுகளுக்கு 24.5 கோடி டாலர் கொடுத்தது. அவர் ஆடிய நாட்களைவிடக் காயத்தில் உட்கார்ந்திருந்த நாட்கள் அதிகம். பேஸ்பால் ஒப்பந்தத் தொகை முழுவதும் உறுதி செய்யப்பட்டது. காயம் பட்டாலும், ஆட்டம் குறைந்தாலும் கடைசி டாலர் வரை கொடுத்தே ஆக வேண்டும். பெரிய ஊர் அணி இப்படி ஒரு தவற்றைத் தாங்கும். சிறிய அணிக்கு ஒரே ஒரு தவறான ஒப்பந்தம் ஐந்தாறு ஆண்டுகளை அடித்துவிடும். அவர்கள் எச்சரிக்கையாக இருப்பதைக் கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. குறைந்தது இவ்வளவு செலவழித்தே ஆக வேண்டும் என்ற கீழ்வரம்போடு சேர்ந்த உச்சவரம்பு இருந்தால் இரண்டு நோய்க்கும் ஒரே மருந்தாகும் என்பது என் எண்ணம்.

மூன்றாம்தளம்:

நண்பர் வரவுசெலவு சொல்வதில் ஊர்களின் வருமான வேறுபாடு உண்மை. அதனால்தான் பகிர்வு இருக்கிறது, அதை நான் எதிர்க்கவில்லை. பகிர்ந்த பணத்தை ஆட்டத்தை மேம்படுத்தவே செலவழிக்க வேண்டும் என்று கூட்டு ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மயாமி, டாம்பா பே, பிட்ஸ்பர்க், ஓக்லண்ட் ஆகிய நான்கு அணிகள் அப்படிச் செய்யவில்லை என்று 2018இல் வீரர் சங்கம் முறைப்படி புகார் எழுப்பியது. அதன் பிறகும் அந்தப் பட்டியலில் உள்ளவர்களின் ஊதியச் செலவு பெரும்பாலும் அட்டவணையின் அடிப்பகுதியில்தான் கிடந்தது.

பகிர்வு விதியே செலவழிக்கும் ஆசையைக் குறைக்கிறது என்பதையும் கவனியுங்கள். சிறிய ஊர் அணி ஒன்று நல்ல வீரரை எடுத்து, அதனால் உள்ளூர் வருமானத்தில் ஒரு டாலர் கூடுதலாகச் சம்பாதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 48 சென்ட் தொகுப்புக்குப் போகிறது. முப்பதில் ஒரு பங்காக 1.6 சென்ட் திரும்பி வருகிறது. ஆக, முயற்சி முழுவதும் அந்த அணியுடையது. பலனில் கையில் நிற்பது ஏறத்தாழ 54 சென்ட். முயலாமல் இருந்தால் மற்றவர்கள் சம்பாதித்ததில் பங்கு வந்துகொண்டே இருக்கும். உரிமையாளர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் எந்த நிதி அலுவலரும் அதே முடிவுக்கு வருவார்.

ஆனாலும் முயன்றவர்கள் இருக்கிறார்கள். சான் டியாகோ பெரிய தொலைக்காட்சிச் சந்தை இல்லை. உரிமையாளர் பீட்டர் சைட்லர் மன்னி மச்சாடோ, ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர், ஸாண்டர் போகார்ட்ஸ் என்று வரிசையாக நீண்ட ஒப்பந்தங்கள் போட்டார். 2023இல் அரங்குக்கு வந்தவர்கள் 32 லட்சத்துக்கும் மேல். கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் அந்த ஆண்டு 106 ஆட்டங்கள் தோற்றது. அந்தக் குளிர்காலத்திலேயே சேத் லூகோ, மைக்கேல் வாக்கா ஆகிய பிட்சர்களை ஃப்ரீ ஏஜென்சியில் எடுத்தது. 2024 பிப்ரவரியில் தன் சொந்த இளைஞர் பாபி விட் ஜூனியருக்கு 11 ஆண்டுகளுக்கு 28.87 கோடி டாலர் உறுதி செய்தது. அடுத்த பருவத்தில் 86 வெற்றிகளோடு பிளேஆஃப்புக்குப் போனது. லூகோ சிறந்த பிட்சருக்குத் தரப்படும் சை யங் விருதுக்கான வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பெற்றார். ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி டாலர் அளவுள்ள இரண்டு ஒப்பந்தங்கள் ஓர் ஊரின் கோடைகாலத்தையே மாற்றியிருக்கின்றன. அதைச் செய்ய லாஸ் ஏஞ்சலஸின் தொலைக்காட்சிப் பணம் தேவைப்படவில்லை.

வரவுசெலவு:

சான் டியாகோவின் மீதிக் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2023 மே மாதம், திவாலான உள்ளூர்த் தொலைக்காட்சி நிறுவனம் அவர்களுக்குப் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டது. மேஜர் லீக்கே ஒளிபரப்பை ஏற்று நடத்த வேண்டியதாயிற்று. அந்தப் பருவத்தில் அணி 82 வெற்றி, 80 தோல்வியோடு பிளேஆஃப் வாய்ப்பை இழந்தது. நவம்பரில் சைட்லர் மறைந்தார். டிசம்பரில், அப்போது தங்களிடம் இருந்த சோட்டோவை யாங்கீஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். உள்ளூர்த் தொலைக்காட்சியை நம்பி நீண்ட ஒப்பந்தம் போடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஹட்சன்_கரை:

இருவரும் அணிகளின் பக்கத்திலிருந்தே பேசுகிறீர்கள். நான் நாள் கணக்கைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது அதுதான்.

ஒரு பருவம் ஏறத்தாழ 187 நாட்கள். அதில் 172 நாட்கள் மேஜர் லீக் பட்டியலில் இருந்தால் ஓர் ஆண்டு சேவை. சிகாகோ கப்ஸின் கிரிஸ் பிரையன்ட் 2015இல் வசந்தகாலப் பயிற்சி ஆட்டங்களில் எல்லோரையும்விட அதிக ஹோம் ரன் அடித்தார். ஆனாலும் அவரை மைனர் லீக்குக்கு அனுப்பி, ஏப்ரல் 17 அன்றுதான் மேலே அழைத்தார்கள். பருவ முடிவில் அவர் கணக்கில் இருந்தது 171 நாட்கள். அந்த ஆண்டின் சிறந்த புதுமுக வீரர் விருது அவருக்குத்தான். அடுத்த ஆண்டு மிகச் சிறந்த வீரர் விருதும், 108 ஆண்டு காத்திருப்புக்குப் பிறகு கப்ஸுக்கு வேர்ல்டு சீரிஸும். ஒரு நாள் குறைந்ததால் அவருடைய ஃப்ரீ ஏஜென்சி ஓர் ஆண்டு தள்ளிப்போனது. அவர் கொடுத்த புகார் 2020இல் தள்ளுபடியானது. தடுப்பாட்டத்தில் இன்னும் பயிற்சி தேவை என்று கிளப் காரணம் சொன்னால், அது பொய் என்று நிரூபிக்க வீரரிடம் என்ன இருக்கிறது?

2022 உடன்பாட்டில் இதற்கு ஒரு திருத்தம் வந்தது. சிறந்த புதுமுக வாக்கெடுப்பில் முதல் இரண்டு இடம் பெறுபவருக்கு முழு ஆண்டுச் சேவை தரப்படும். தொடக்கம் முதலே புதுமுகத்தைப் பட்டியலில் வைத்திருக்கும் கிளப்புக்கு, அவர் விருது வென்றால் கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பு கிடைக்கும். பிட்ஸ்பர்க்கின் பால் ஸ்கீன்ஸை 2024 மே 11 அன்று மேலே அழைத்தார்கள். அவர் விருதை வென்று முழு ஆண்டைப் பெற்றுக்கொண்டார். தாமதமாக அழைத்ததால் கிளப்புக்கு டிராஃப்ட் வாய்ப்பு இல்லாமல் போனது. பந்து வீசும் கையைக் காக்கவே மெதுவாகக் கொண்டுவந்தோம் என்று கிளப் சொல்வதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆயினும் 2025இல் சை யங் விருது வென்ற அந்தப் பிட்சரின் ஊதியம் 8,75,000 டாலர். அதே தரமுள்ள வீச்சாளருக்குத் திறந்த சந்தையில் ஆண்டுக்கு மூன்று, நான்கு கோடி டாலர் கிடைக்கிறது. இந்த இடைவெளியைத்தான் மூன்றாம்தளம் 'மலிவான இளமை' என்கிறார். அது யாருடைய பையில் இருக்கிறது என்று பிட்ஸ்பர்க் ரசிகர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பென்ச்ஓரம்:

நடுவர் குழு என்று எல்லோரும் சொல்கிறீர்கள். அது நடக்கும் விதம் என்ன?

பழைய_ஸ்கோர்கார்டு:

வீரர் ஒரு தொகை எழுதிக்கொடுப்பார், கிளப் ஒரு தொகை எழுதிக்கொடுக்கும். மூன்று நடுவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், இடையில் ஒரு தொகையைச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. அதனால் இரு தரப்பும் அளவோடு கேட்கும், பெரும்பாலும் விசாரணைக்கு முன்பே சமரசம் ஆகிவிடும். ஆகாமல் போனால், வீரர் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே அவருடைய கிளப் அவருடைய குறைகளை அடுக்கும்.

2021இல் சை யங் வென்ற கார்பின் பர்ன்ஸ் 2023இல் 1.075 கோடி டாலர் கேட்டார்; மில்வாக்கி 1.001 கோடி தருவதாகச் சொன்னது. வேறுபாடு வெறும் 7,40,000 டாலர். கிளப் வென்றது. முந்தைய ஆண்டு பிளேஆஃப்புக்குப் போகாததற்குத் தன்னையே முக்கியக் காரணமாகக் காட்டினார்கள் என்று பர்ன்ஸ் செய்தியாளர்களிடம் மனம் நொந்து பேசினார். ஓராண்டு கழித்து அவரை பால்டிமோருக்கு மாற்றிவிட்டார்கள். 2024 டிசம்பரில் அரிசோனாவில் 6 ஆண்டுகளுக்கு 21 கோடி டாலர் பெற்றார். அடுத்த ஜூனில் முழங்கையில் அறுவை சிகிச்சை. வரவுசெலவு அஞ்சும் ஆபத்து உண்மை என்பதற்கும் இது சான்றுதான். ஆனால் அந்தக் கையின் நல்ல ஆண்டுகள் எங்கே, என்ன விலைக்குச் செலவாயின என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பென்ச்ஓரம்:

ஓட்டானி ஒப்பந்தத்தில் பெரும்பகுதிப் பணத்தைப் பிறகு தருகிறார்களே, அது விதியை ஏமாற்றுவது ஆகாதா?

ஹட்சன்_கரை:

ஆகாது, நண்பரே. ஆண்டுக்கு 7 கோடி டாலரில் 20 லட்சத்தை மட்டும் இப்போது வாங்கிக்கொண்டு, மீதி 6.8 கோடியை 2034 முதல் 2043 வரை வட்டியில்லாமல் பெற ஓட்டானி ஒப்புக்கொண்டார். எவ்வளவு தொகையையும் தள்ளிவைக்கலாம் என்று கூட்டு ஒப்பந்தமே அனுமதிக்கிறது. மொத்த ஊதியம் ஓர் எல்லையைத் தாண்டினால் அணி கட்ட வேண்டிய சொகுசு வரியின் கணக்கில் ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரிதான் சேரும். தள்ளிவைத்த பணத்துக்கு வட்டிக் கழிவு செய்து இன்றைய மதிப்பைப் போடுவார்கள். அதனால் 7 கோடி என்பது ஏறத்தாழ 4.6 கோடியாகப் பதிவாகிறது. பல ஆண்டு கழித்து வரும் பணத்தின் மதிப்பு குறைவு என்பதைத்தான் அந்தக் கழிவு காட்டுகிறது. 70 கோடி என்ற எண்ணே பெரிதுபடுத்தப்பட்டது என்று கொள்வது பொருத்தம்.

நியூயார்க்கில் இதற்குப் பழைய முன்னுதாரணம் உண்டு. 2000ஆம் ஆண்டில் பாபி போனியாவுக்குத் தர வேண்டிய 59 லட்சம் டாலரை மெட்ஸ் 8 விழுக்காடு வட்டியோடு தள்ளிவைத்தது. 2011 முதல் 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1 அன்றும் அவருக்கு 11,93,248 டாலர் போகிறது. ஓட்டானி வட்டி கேட்கவில்லை, போனியா கேட்டுப் பெற்றார். அவ்வளவுதான் வேறுபாடு.

வரியின் கடுமையையும் சொல்லிவிடுகிறேன். 2025இல் எல்லை 24.1 கோடி டாலர். முதல் முறை தாண்டினால் அதிகப்படியான தொகைக்கு 20 விழுக்காடு, இரண்டாம் ஆண்டு தொடர்ந்தால் 30, மூன்றாம் ஆண்டிலிருந்து 50. எல்லைக்கு மேல் 6 கோடியைத் தாண்டும் பகுதிக்கு இன்னும் 60 விழுக்காடு கூடும். ஆக, டாட்ஜர்ஸ் உச்சப் படியில் நின்றுகொண்டு 2 கோடி டாலர் ஊதியத்தில் ஒருவரை எடுத்தால், அவருக்காக வெளியே போவது 4.2 கோடி. உச்சவரம்பு இல்லை என்று சொல்கிறோமே தவிர, பெரும்பாலான அணிகள் இந்த எல்லையையே உச்சவரம்பாக வைத்து நடக்கின்றன. மெட்ஸ் 2023இல் பத்துக் கோடி டாலருக்கும் அதிகமாக வரி கட்டி, 75 ஆட்டம் வென்று 87 தோற்றது, தலா 4.33 கோடி டாலர் வாங்கிய மாக்ஸ் ஷெர்ஸரையும் ஜஸ்டின் வெர்லாண்டரையும் பருவத்தின் நடுவிலேயே வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டது.

பழைய_ஸ்கோர்கார்டு:

உரிமையாளர்கள் ஒருவரோடொருவர் போட்டியிடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை நாம் ஒரு முறை பார்த்திருக்கிறோம். 1985 குளிர்காலம் தொடங்கி மூன்று ஆண்டுகள், பிற அணியின் ஃப்ரீ ஏஜென்ட்டுக்கு விலை சொல்வதில்லை என்று அவர்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டார்கள். மாண்ட்ரியலின் செயற்கைப் புல்லில் முழங்கால் தேய்ந்துபோன ஆண்ட்ரே டாசன், 1987 வசந்தத்தில் சிகாகோ கப்ஸின் பயிற்சி முகாமுக்கு நேரில் போய், தொகை எழுதாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கிளப் அதில் 5,00,000 டாலர் என்று நிரப்பியது. அந்தப் பருவத்தில் 49 ஹோம் ரன் அடித்து, கடைசி இடத்தில் முடித்த அணியில் இருந்துகொண்டே மிகச் சிறந்த வீரர் விருதை வென்றார். நடுவர்கள் கூட்டுச்சதி என்று தீர்ப்பளிக்க, உரிமையாளர்கள் 1990இல் 28 கோடி டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டார்கள். சங்கம் உச்சவரம்பு என்ற சொல்லைக் கேட்டாலே விறைப்பாவதற்கு இந்த நினைவும் ஒரு காரணம்.

வரவுசெலவு:

அந்தக் காலத்துச் சதியையும் வெளிப்படையாகப் பேசி எழுதப்படும் விதியையும் ஒன்றாக வைக்கக் கூடாது. என் கேள்வி எளியது. பெற்ற பணத்தை எல்லா அணிகளும் செலவழிக்க வேண்டும் என்கிறார் மூன்றாம்தளம். சங்கம் உச்சவரம்பை ஏற்காவிட்டால் உரிமையாளர்கள் கீழ்வரம்பைத் தருவார்களா?

மூன்றாம்தளம்:

ஏற்கெனவே ஒரு முறை அப்படி ஒரு பேரம் வந்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் உரிமையாளர்கள் ஒவ்வோர் அணியும் குறைந்தது 10 கோடி டாலர் செலவழிக்க வேண்டும் என்ற கீழ்வரம்பை முன்வைத்தார்கள். அதற்குக் கைம்மாறாக, அப்போது 21 கோடியாக இருந்த வரி எல்லையை 18 கோடிக்கு இறக்கக் கேட்டார்கள். கீழே இருக்கும் சில அணிகள் கூட்டும் தொகையைவிட, மேலே இருக்கும் அணிகள் குறைக்கும் தொகை அதிகமாகிவிடும் என்று கணக்குப் போட்ட சங்கம் அதை ஏற்கவில்லை. 99 நாள் கதவடைப்புக்குப் பிறகு 2022 மார்ச்சில் எல்லை 23 கோடியாக உயர்ந்தது; கீழ்வரம்பு வரவில்லை.

ஆனால் உச்சவரம்பு இல்லாமலே ஒரு கீழ்வரம்பு வேலை செய்வதை 2024–25 குளிர்காலத்தில் பார்த்தோம். ஓக்லண்டை விட்டுச் சாக்ரமெண்டோவில் தற்காலிகமாக ஆடப்போன ஏ'ஸ் அணி, பல ஆண்டுகள் ஊதியப் பட்டியலின் அடியில் கிடந்தது. அந்த டிசம்பரில் அது லூயிஸ் செவரினோவுக்கு 3 ஆண்டுகளுக்கு 6.7 கோடி டாலர் கொடுத்தது. அந்தக் கிளப்பின் வரலாற்றில் அதுவரை அதுதான் மிகப் பெரிய உறுதித்தொகை. அடுத்து பிரெண்ட் ரூக்கருக்கு 5 ஆண்டுகளுக்கு 6 கோடி, லாரன்ஸ் பட்லருக்கு 7 ஆண்டுகளுக்கு 6.55 கோடி. பகிர்வுப் பணத்தைப் போல ஒன்றரை மடங்காவது வீரர்களுக்குச் செலவழிக்காவிட்டால் சங்கம் புகார் கொடுக்கும் என்ற நிலையை அவர்கள் எட்டியிருந்தார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. பணம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த கிளப், பகிர்வை இழக்கும் வாய்ப்பு கண்முன் வந்தவுடன் பணத்தைக் கண்டெடுத்தது.

ஆகவே வரவுசெலவு கேட்பதற்கு என் விடை இது. புதிதாகக் கீழ்வரம்பு என்று ஒன்றை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும் ஒன்றரை மடங்கு நிபந்தனையை, சங்கம் புகார் கொடுத்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் முறையிலிருந்து எடுத்து, ஒவ்வோர் ஆண்டும் தானாகச் செயல்படும் கழிவாக மாற்றினால் போதும். செலவழிக்காத தொகை அடுத்த ஆண்டுப் பங்கிலிருந்து குறைக்கப்பட்டு, அதிக ஆட்டம் வென்ற மற்றச் சிறிய ஊர் அணிகளுக்குப் போகட்டும். கன்சாஸ் சிட்டி போல முயன்ற அணிக்கு அந்தப் பணம் கூடுதலாகக் கிடைத்தால், நான் மேலே சொன்ன 54 சென்ட் கணக்கே மாறிவிடும்.

வரவுசெலவு:

தானாகச் செயல்படும் கழிவை நானும் ஏற்பேன். ஒரு திருத்தம் மட்டும் சேர்க்க வேண்டும்: செலவை ஒரே ஆண்டில் அளக்காமல் மூன்றாண்டுச் சராசரியாக அளக்கட்டும். இளம் அணியைப் படிப்படியாகக் கட்டுகிறவர்களும் உண்டு; கெடு நெருங்குகிறது என்பதற்காக அவர்கள் டிசம்பரில் யாரோ ஒருவருக்கு மிகை விலை கொடுக்க வேண்டிய நிலை வரக் கூடாது.